நாகர்கோவில் தொகுதி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

1971 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐ தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் கூட்டணி அள்ளியது, மிச்சமிருந்த ஒன்று நாகர்கோவில் என்று இரண்டு இதழுக்கு முன்னால் ஒரு பதிலில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த வாரப் பக்கம் முழுவதையும் அந்தத் தொகுதிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மிச்சமிருந்த அந்த ஒரு தொகுதியில் ஜெயித்தவர் காமராஜர். எங்கள் தாத்தா அதைச் சொல்லாத நாளில்லை. ஆனால் விருதுநகர்க்காரர் எங்கள் ஊருக்கு ஏன் வந்தார்? (வாசகர், தக்கலை)

1967ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் தோற்றார். எதிரே நின்றவர் பெ. சீனிவாசன் என்ற இளைஞர், மாணவர் போராட்டத்திலிருந்து வந்தவர், வித்தியாசம் 1,285 ஓட்டு. ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர், அகில இந்திய காங்கிரசுக்கே தலைவராக இருந்தவர் தன் சொந்த ஊரில் தோற்றதைப் பார்த்து, அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களே சங்கடப்பட்டார்கள்.

மறு வருடம் ஜூன் மாதம் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானார். அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தபோது காங்கிரஸ் காமராஜரை நிறுத்தியது. எதிரே ஆளும் தி.மு.க.வின் ஆதரவோடு டாக்டர் மத்தியாஸ். மாநில அரசே எதிர்ப்பக்கம் நின்ற தேர்தல் அது. ஆட்சிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத கட்சி, காமராஜரை இன்னொரு முறை தோற்கடித்தால் காங்கிரஸ் கதை முடிந்தது என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே வருடக் கடைசியில் காங்கிரஸ் உடைந்தது. காமராஜர் இந்திராவை எதிர்த்த பழைய காங்கிரஸ் பக்கம் போனார். 1971 தேர்தலில் பழைய காங்கிரஸ் தமிழ்நாடு முழுக்கத் துடைத்தெறியப்பட்டபோதும் அவரை மட்டும் உங்கள் தாத்தாவும் அவர் காலத்தவர்களும் டெல்லிக்கு அனுப்பினார்கள். 1975 அக்டோபர் 2ல் இறக்கும்போது அவர் நாகர்கோவில் எம்.பி. தாத்தா அதைத் தினமும் சொல்கிறார் என்றால் சொல்லட்டும், அது சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

காமராஜரும் நாடார், இங்கே நாடார் ஓட்டும் அதிகம் என்று சாதிக் கணக்கு போடுவார்கள், அதைத் தாண்டி இதில் ஒன்று இருக்கிறது. போன முறை மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போயிருந்தேன். பறளியாற்றுக்கு மேலே, கழுத்தை வலிக்க வைக்கிற உயரத்தில், தூண்கள் வரிசையாக நின்று ஒரு வாய்க்காலைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. 1966ல் கட்டி முடித்தது. அந்தப் பக்கத்துக் கடையில் இளநீர் வெட்டிக் கொடுத்த பெரியவரிடம் இதை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். "காமராஜ்" என்றார், கத்தியைக் கீழே வைக்காமலே. 1966ல் முதலமைச்சர் பக்தவத்சலம் என்று அவரிடம் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தண்ணீர் வந்த வயலுக்கு அது காமராஜர் காலத்து வேலைதான்.

கேள்வி: 1952ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாங்கள் தமிழ்நாட்டிலேயே இல்லையே. அப்போது எம்.பி. யார்? (வாசகர், மார்த்தாண்டம்)

சரியாகப் பிடித்தீர்கள். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி, கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதாவது தமிழ்ப் பகுதிகளை மதராஸ் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இருந்த கட்சி. தொகுதியின் முதல் தேர்தலே "நாங்கள் எந்த மாநிலம்?" என்ற கேள்விக்கான பதிலாக அமைந்தது. தமிழ்நாட்டில் வேறு எந்தத் தொகுதிக்கும் தொடக்கம் இந்த மாதிரி இல்லை என்பது என் எண்ணம்.

நேசமணி பள்ளியாடிக்காரர், வக்கீல். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி, குடிக்கிற தண்ணீருக்கும் தனித்தனிப் பானை, இதையெல்லாம் அவர்தான் உடைத்தார் என்று குமரியில் இன்றைக்கும் சொல்வார்கள். 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இந்த இணைப்புக்காகப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்புறம் 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானது.

1957ல் காங்கிரசின் தாணுலிங்க நாடார் எம்.பி. ஆனார், பிற்காலத்தில் இந்து முன்னணிக்குத் தலைவராக இருந்தவர் இவர்தான். 1962லும் 1967லும் மறுபடி நேசமணி, இந்த முறை காங்கிரசில். 1967ல் தமிழ்நாட்டில் காங்கிரசுக்குத் தேறியது மூன்றே எம்.பி., அதில் ஒருவர் அவர்.

கேள்வி: என் அம்மாவுக்குக் கன்னியாகுமரிதான் பிறந்த ஊர். ஆனால் "நாங்கள் திருச்செந்தூர் எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்கிறார். வயதாகிவிட்டதால் குழப்பமா? (வாசகி, கொட்டாரம்)

அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. 2004 தேர்தல் வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியோடுதான் இருந்தது. நாகர்கோவிலில் அப்போது நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு. தொகுதி எல்லைகளின் மறுசீரமைப்பில் திருவட்டார் இல்லாமல் போய், கன்னியாகுமரி உள்ளே வந்து, 2009 முதல் தொகுதிப் பெயரே கன்னியாகுமரி ஆகிவிட்டது. மாவட்டமும் தொகுதியும் ஒன்றாகிவிட்டன.

கேள்வி: தமிழ்நாடு ஒரு பக்கம் போனால் இந்தத் தொகுதி எப்போதும் எதிர்ப்பக்கம் போகும் என்கிறார்களே, மதம்தானே காரணம்? (வாசகர், சென்னை)

இரண்டு பகுதியையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் "எப்போதும்". 1967, 1971, 1977, 1998, 2014, இந்த ஐந்து பொதுத்தேர்தலில்தான் எதிர்ப்பக்கம் போனது. 1977ல் மாநிலமே அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிக்குப் போட, இங்கே பழைய காங்கிரசின் குமரி அனந்தன் ஜெயித்தார். 1998ல் அ.தி.மு.க. - பா.ஜ.க. கூட்டணி 30 இடங்களைப் பிடித்தபோது இங்கே காங்கிரசிலிருந்து பிரிந்த த.மா.கா.வின் (தமிழ் மாநில காங்கிரஸ்) டென்னிஸ். 2014ல் 37 இடம் அ.தி.மு.க.வுக்குப் போக, மிஞ்சிய இரண்டில் ஒன்று தர்மபுரி, இன்னொன்று கன்னியாகுமரி. மற்ற நேரமெல்லாம் அலையோடுதான் போயிருக்கிறது. டென்னிஸ் 1980, 84, 89, 91, 96, 98 என்று தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தார், முதல் நான்கு காங்கிரசில், பிந்தைய இரண்டு த.மா.கா.வில். அந்த ஆறில் அலையை எதிர்த்து வந்தது கடைசி ஒன்றுதான்.

அப்போ இந்தத் தொகுதியில் என்னதான் வித்தியாசம்? அலை எந்தப் பக்கம் அடித்தாலும் இங்கே ஜெயிக்கிறவர் பெரும்பாலும் தேசியக் கட்சிக்காரராகவோ, காங்கிரசிலிருந்து பிரிந்து வந்தவராகவோ இருக்கிறார். அ.தி.மு.க. ஒருமுறைகூட இந்த நாடாளுமன்றத் தொகுதியை ஜெயித்ததில்லை. தி.மு.க. ஒரே ஒருமுறை, 2009ல் ஹெலன் டேவிட்சன். இந்தத் தொகுதியிலிருந்து போன ஒரே பெண் எம்.பி.யும் அவர்தான்.

இதற்கு மதத்தைக் காட்டுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 1982ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு ஓட்டில் மதம் கலந்தது உண்மை, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் 1967ஐயும் 1971ஐயும் 1982ல் நடந்ததை வைத்து எப்படி விளக்குவீர்கள்? தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் தி.மு.க. தெருத் தெருவாக மன்றம் வைத்து வளர்ந்த 1949 முதல் 1956 வரையிலான காலத்தில் இந்த நான்கு தாலுகாவும் வேறு மாநிலத்தில் வேறு சண்டையில் இருந்தன. இங்கே தமிழ் உணர்வுக்கு முகமாக இருந்தவர் நேசமணி, அவர் கடைசியில் காங்கிரசில் சேர்ந்தார், அவருக்குப் பின்னால் அதே நாற்காலிக்குக் காமராஜர் வந்தார். இந்த இரண்டு பேரும் போட்ட வேர் ஆழமானது. இரண்டு திராவிடக் கட்சிகளும் கூட்டணிப் பங்கீட்டில் இந்தத் தொகுதியைத் தேசியக் கட்சிக்கே தள்ளிவிட்டதால் தங்கள் சின்னம் இங்கே பழகவும் விடவில்லை. 2004ல் தி.மு.க. அணியில் இடம் கிடைத்த மார்க்சிஸ்ட் கட்சி பெல்லார்மினை நிறுத்தி ஜெயித்தது இப்படித்தான்.

கேள்வி: பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 1999லும் 2014லும் ஜெயித்தார், மற்ற தேர்தல்களில் தோற்றார். ஜெயித்தபோது மட்டும் அப்படி என்ன செய்தார்? (வாசகர், நாகர்கோவில்)

1999ல் தி.மு.க. அவர் கூட்டணியில் இருந்தது, அது தெரிந்த கதை. 2014தான் சுவாரசியம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2014ல் அவர் வாங்கியது 3,72,906. ஜெயித்தார். 2019ல் வாங்கியது 3,67,302. தோற்றார், அதுவும் 2,59,933 ஓட்டில். 2024ல் வாங்கியது 3,66,341. மறுபடி 1,79,907 ஓட்டில் தோல்வி. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், ஏழாயிரம் ஓட்டுகூட வித்தியாசமில்லை! அவர் கூடவுமில்லை, குறையவுமில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

மாறியதெல்லாம் எதிர்ப்பக்கம்தான். 2014ல் காங்கிரசின் வசந்தகுமார் 2,44,244, அ.தி.மு.க. 1,76,239, தி.மு.க. 1,17,933 என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 2019ல் தி.மு.க.வும் காங்கிரசும் மார்க்சிஸ்டும் ஒன்றாக நிற்க, அதே வசந்தகுமாருக்கு 6,27,235. இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது அ.தி.மு.க. ஓட்டு. 2019ல் அந்தக் கட்சி பா.ஜ.க. கூட்டணியில்தான் இருந்தது, ஆனால் முந்தைய தேர்தலின் ஒன்றே முக்கால் லட்சம் ஓட்டில் எவ்வளவு ராதாகிருஷ்ணனுக்கு வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. மேலே தலைவர்கள் கைகுலுக்கினால் கீழே பூத்தில் ஓட்டு மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். 2024ல் தனியாக நின்ற அ.தி.மு.க. இங்கே நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நான்காவது இடத்துக்குப் போனது.

கேள்வி: ஒரே குடும்பத்திலிருந்து மூன்று எம்.பி. என்பது சரியா? (வாசகர், குலசேகரம்)

சரி. அண்ணன் குமரி அனந்தன் 1977ல், தம்பி வசந்தகுமார் 2019ல். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தபின் 2021 இடைத்தேர்தலிலும், அப்புறம் 2024லும் அவர் மகன் விஜய் வசந்த். நாடாளுமன்றத்தில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகக் குமரி அனந்தன் விடாமல் போராடி அதை வாங்கிக் கொடுத்தார், அவரைப் பற்றிப் பேசினால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: 2021ல் எங்களுக்கு பூத்தில் இரண்டு ஓட்டு. எம்.பி.க்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. ஒரே கட்சிக்குத்தான் எல்லோரும் இரண்டையும் போட்டார்களா? (வாசகி, குளச்சல்)

நாடாளுமன்ற இடைத்தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஏப்ரல் 6ம் தேதி ஒன்றாக நடந்ததைக் கேட்கிறீர்கள். எம்.பி. ஓட்டில் காங்கிரஸ் 1,37,950 வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உங்கள் குளச்சலும் விளவங்கோடும் கிள்ளியூரும் காங்கிரசுக்கு, பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு, நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு. ஒரே மாவட்டம், ஒரே நாள், ஆறு தொகுதியில் நான்கு கட்சி. இதில் உங்கள் தெருக்காரர்கள் எதை எப்படிப் போட்டார்கள் என்பது அவர்களுக்கும் அந்த இரண்டு இயந்திரத்துக்கும் மட்டும்தான் தெரியும்.