சிப் வரும் மாதம் தெரியும், மகள் வரும் நேரம் தெரியுமா?

கேள்வி: எங்கள் லேப்டாப் 2016இல் வாங்கியது, விண்டோஸ் 10 ஓடுகிறது. போன வருஷமே புதிது வாங்க முடிவு செய்துவிட்டேன். ஆனால் வாங்கக் கிளம்பும்போதெல்லாம் அடுத்த மாடல் வரப்போகிறது என்கிறார்கள். அவசரப்பட்டு வாங்கி ஏமாந்துவிடக் கூடாதே! இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா? (வீட்டில் அவசரம் ஒன்றுமில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் பிராஜெக்டைத் தோழி வீட்டில் போய் முடித்துக்கொள்கிறாள்.)

பதில்: நீங்கள் அனுப்பியது மூன்று பக்கக் கடிதம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். பிராசசர், அதாவது லேப்டாப்பின் மூளையான சிப், அதைப் பற்றியே இரண்டே முக்கால் பக்கம். மகளுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

அவசரம் இல்லை என்கிறீர்களே, யாருக்கு? அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? தோழிக்கே கம்ப்யூட்டர் தேவைப்பட்டால் பாதியில் எழுந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, "இதோ முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்று முடியாத வேலையோடு கிளம்ப வேண்டும். அவள் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த சிப் எந்த மாதம் வரும் என்று மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

அவள் கேட்கவில்லையே என்பீர்கள். அப்பா கணக்குப் பார்ப்பது தெரிந்த பிள்ளை வாய் திறக்காது. படிக்கிற பிள்ளைக்கு வேண்டியதை அது கேட்கும் முன்னே செய்து வைப்பதுதான் பெற்றவர் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, மாடல் விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிளையே பாருங்கள். அவர்கள் சிப்களில் 2020 நவம்பரில் எம்1, 2022 ஜூனில் எம்2, 2023 அக்டோபரில் எம்3, 2024இல் எம்4, 2025 அக்டோபரில் எம்5. இதில் எந்த இடத்தில் நின்று 'இனி வராது' என்று வாங்கியிருப்பீர்கள்? ஆஸ்போர்ன் என்றொரு கம்ப்யூட்டர் கம்பெனி, இதைவிட நல்லது வருகிறது என்று முன்கூட்டியே சொல்லப்போய், கையில் இருந்ததை வாங்க ஆளில்லாமல் 1983இல் திவாலானது என்று சொல்வார்கள். உங்களைப் போன்றவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்!

கம்பெனியே தேதி அறிவித்து, அது இரண்டு மூன்று வாரத்துக்குள் என்றால் பொறுங்கள். புதிது வந்ததும் பழைய மாடல் விலை பெரும்பாலும் இறங்கும், அதையே வாங்கலாம். வதந்திக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2016இல் வாங்கிய உங்கள் பிராசசர், விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலிலும் இருக்காது. அதாவது, பழசாகிவிடுமோ என்று நீங்கள் பயப்படுவது ஏற்கெனவே உங்கள் மேஜைமேல் நடந்து முடிந்துவிட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ராம் (RAM), அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அதை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், அப்புறம் கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். புத்தம்புது சிப்புக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடலாம்.

இந்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். போகும் முன், அந்த பிராஜெக்டுக்கு எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். மூன்று பக்கத்தில் அது மட்டும் எங்கேயும் இல்லை.