அதலபாதாளத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

கேள்வி: அலுவலகத்துக்கு இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனத்துக்கு, 'யுவர் சர்வீஸ் இஸ் வெரி அபிஸ்மல்' என்று மெயில் எழுதினேன். 'வெரி' வரக்கூடாது என்கிறார் மேலாளர். ஏன்? 'பேட்' (bad) வரும் இடத்திலெல்லாம் 'அபிஸ்மல்' போடலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மேலாளர் சொன்னது சரி. 'அபிஸ்மல்' (abysmal) என்றாலே படுமோசம். இந்தச் சொல்லின் வேர், 'அடியில்லாதது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நம் 'அதலபாதாளம்' இருக்கிறதே, அதில் வரும் அதலமும் அதேதான்: தலம் என்றால் அடி, அதலம் என்றால் அடியற்றது. இரண்டிலும் முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்கிறது. அடியே இல்லாத பள்ளத்தை 'ரொம்ப அடியில்லாதது' என்போமா? அழுத்தம் வேண்டுமானால் 'அப்ஸொலூட்லி' சேருங்கள்.

'பேட்' வரும் இடத்திலெல்லாம் போட்டால் சொல் நீர்த்துவிடும். தரம் படுமோசமாக விழுந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் ஊர் சின்னசாமி ஸ்டேடியத்தில் நியூசிலாந்திடம் இந்தியா 46 ரன்னில் சுருண்டது. அந்த பேட்டிங் அபிஸ்மல். இரண்டாவது இன்னிங்ஸில் அதே அணி 462 எடுத்தது. ஆகவே அணியையே அபிஸ்மல் என்பது அநியாயம். எது சரிந்ததோ அதோடு மட்டும் சொல்லை ஒட்டுங்கள். அப்ரைசலில் ஆளுக்கு இந்த முத்திரை குத்தவே வேண்டாம்.

பேரழிவைச் சொல்லும் 'கெட்டஸ்ட்ராஃபிக்' (catastrophic) வேறு. மாதக்கணக்கில் இழுத்து இழுத்து ஓடும் இணைப்பு அபிஸ்மல். சர்வர் டிஸ்க் திடீரென்று செத்து, பேக்கப்பும் இல்லாமல் டேட்டா மொத்தமும் போனால் அது கெட்டஸ்ட்ராஃபிக். பொறியாளர்கள் அந்தச் சொல்லைத் திடீர், முழு முறிவுக்கு வைத்திருக்கிறார்கள். இடம் மாற்றிப் போட்டால் கோளாறு பற்றிய விசாரணை வேறு திசைக்குப் போய்விடும்.

மெயிலில் 'தி சர்வீஸ் ஹேஸ் பீன் அபிஸ்மல்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே கணக்கைக் கொடுங்கள்: எந்தெந்தத் தேதி, எத்தனை முறை துண்டிப்பு, மொத்தம் எத்தனை மணி நேரம். கணக்கில்லாமல் இவ்வளவு கனமான சொல் வந்தால் வெறும் கோபமாகத்தான் படிப்பார்கள்.

எழுதும்போது ஒரே 'எஸ்'. பாதாளத்தைக் குறிக்கும் 'அபிஸ்' (abyss) என்ற பெயர்ச்சொல்லில் இரண்டு இருப்பதால் பலர் இங்கும் இரண்டு போட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பில் அழுத்தம் 'பிஸ்' மேல். 'பிஸி' என்னும்போது எழும் அதே ஒலி.

கேள்வி: 'அபிஸ்ஸல்' (abyssal) என்பதும் 'அபிஸ்மல்' போலத்தானா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: இல்லை. வேர் ஒன்றுதான், ஆனால் அது கடலியல் சொல். சுமார் 3,000 முதல் 6,000 மீட்டர் வரையிலான ஆழ்கடலைக் குறிக்கும். அந்தச் சொல்லில் வசவு எதுவும் இல்லை.