நிறைந்த வயது வாழ்ந்த, குடும்பமும் கோயிலுமாக இருந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தாரா? அவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

எங்கள் அப்புச்சி. அம்மாவைப் பெற்றவர். 1929-இல் பிறந்து 2024 ஆடியில் போனார். வெள்ளகோவிலுக்குப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் கிட்டத்தட்ட முடியப்போகிற இடத்தில் தோட்டம். பவானிசாகர் அணை கட்டி முடித்த 1955-இல்தான் அவருக்குக் கல்யாணமும் ஆனது. "வாய்க்காத் தண்ணியும் உங்க அமுச்சியும் ஒரே வருசத்துல ஊட்டுக்கு வந்தாங்க" என்பார். அதற்கு முன் கவலை ஓட்டித்தான், அதாவது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத்தான் வெள்ளாமை. மாட்டைப் பின்னுக்கு நடத்தி நடத்தி அவருக்கே கொஞ்சம் பின்னால் சாய்ந்த நடை வந்துவிட்டது என்று அமுச்சி கேலி செய்வார்.

பக்தி என்றால் நாலு மணிக்கு எழுந்து பூசை செய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மணிக்கு எழுவார்தான், ஆனால் நேராகப் போவது கட்டுத்தறிக்கு. சாணி வழித்து, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, குளித்த பிறகுதான் திருநீறு. "மாடு பசியோட கத்தறப்ப நாம என்னத்தக் கும்புடறது" என்பதோடு அந்த நாயம், அதாவது பேச்சு, முடிந்துவிடும்.

வருடத்தில் ஒரு காரியம் மட்டும் விடமாட்டார். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துப் பழனிக்கு நடப்பது. கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தீர்த்தக் காவடியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கே பார்த்து வருகிற காவிரி கிழக்கே திரும்புகிற இடம் கொடுமுடி. அங்கே முழுகி, மகுடேசுவரரைக் கும்பிட்டு, கலசத்தில் தண்ணீர் பிடித்து, முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் போவார்கள். நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பங்குனி வெயிலில் மலைமேல் நிற்கிற நவபாசாண மூர்த்தியைக் குளிர்விக்க என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். மூன்று நாள் நடை, கடைசியில் 693 படி. வின்ச் வந்த பிறகும் அதில் ஏறியதில்லை. "கம்பி கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு நா என்ன மூட்டையா?"

பதினேழு வயதில் அவருடைய அய்யனோடு போனதுதான் முதல் நடை. 1958-லிருந்து ஒரு நீட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். படித்தது மூன்றாவது, கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். கூட வந்தவர்கள் பேர், யாருக்கு எங்கே கால் கொப்புளித்தது, சுக்குக் காப்பி எத்தனை நயா பைசா, எல்லாம் உண்டு. அந்த நோட்டு ஒன்றும் ரகசியம் இல்லை. மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கும், நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதில் மாடு படம் வரைந்து உதை வாங்கியிருக்கிறோம். போகாத வருடத்தையும் எழுதியிருப்பார், அதுதான் எனக்குப் பிடித்தது. "1966. போகல. பெரியவனுக்கு அம்மை." "1974. போகல. கெணத்து வேலை." "1983. போகல. சின்னவளுக்குப் பேறுகாலம்." சாமிக்கு லீவு லெட்டர் கொடுத்த மாதிரி.

தண்ணீர் முறை வேறு குறுக்கே வரும். வாய்க்கால் ஆயக்கட்டு இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல், அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விட முடியாது என்பதால் பாதிக்கு நஞ்சை, பாதிக்குப் புஞ்சை என்று மாற்றி மாற்றி விடுவார்கள். புஞ்சை முறை நமக்கு வந்தால் விட்டு விட்டு வருகிற நனைப்பில் ஒன்று பங்குனியில் வந்து நிற்கும். அந்த வருடங்களில் மடை திருப்புகிற வேலையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அவருக்குப் பஞ்சாமிர்தம் கொடுப்பதோடு, அவருடைய அடுத்த முறைக்கு ராத்திரி முழுக்க மம்பட்டியோடு நின்று கடனைத் தீர்த்துவிடுவார்.

2003 வறட்சியில் எனக்குப் பதினைந்து வயது. கிணறு அடி தெரிந்தது, தென்னை மட்டை தொங்கிவிட்டது, மாடு மேய விட்டிருக்கும் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வேரோடு கருகியது. ஒரு சோடிக் காங்கேயம் எருதை விற்றார். அந்தப் பங்குனியிலும் கொடுமுடி போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. கொஞ்சமாக ஓடிய காவிரியில் குனிந்து கலசத்தை முக்கினார். பழனியில் படி இறங்கும்போது, "மழைக்கு வேண்டிக்கிட்டீங்களா அப்புச்சி?" என்று கேட்டேன்.

"இல்லீங் கண்ணு. அவனே வெய்யில்ல நிக்கறான்னு நாம தண்ணி கொண்டுட்டு வரோம். அவங்கிட்டயே போயித் தண்ணி கேக்கறதா?"

நான் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் நான் பார்த்தவரையில் கோயிலுக்குப் போகிற எல்லோரும் எதையாவது கேட்கத்தான் போகிறார்கள். சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் புதுப் பொருள் வைத்தால், இதனால் தங்கம் ஏறுமா இறங்குமா என்று ஊரே பேசும். அப்புச்சிக்கு அதெல்லாம் ஒட்டாது. முருகன் அவருக்குக் குடும்பத்தில் ஒரு ஆள், அதுவும் வெளியூரில் தனியாக இருக்கிற ஆள். வருடத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. அவ்வளவுதான்.

அதற்காக அவரைக் கோபுரத்தில் ஏற்றவும் எனக்கு மனம் இல்லை. அம்மாவை எட்டாவதோடு நிறுத்தியவர் இவர்தான். மேலே படிக்க பஸ் ஏறிப் போகவேண்டும், "பொட்டப் புள்ளைய பஸ்ஸுல உட முடியாது" என்று ஒரே பேச்சு. அம்மாவின் தம்பிகள் போனார்கள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறும். என் தங்கை காலேஜ் சேர்ந்தபோது முதல் வருடப் பணத்தை அப்புச்சி மஞ்சப்பையில் கொண்டுவந்து அம்மா கையில்தான் கொடுத்தார், தங்கை கையில் இல்லை. தப்பு என்று வாயால் சொல்லவில்லை. அம்மா பணத்தை வாங்கிக்கொண்டார், எதுவும் பேசவில்லை. அது தீர்ந்த கணக்கா தீராத கணக்கா என்று எனக்கு இன்னும் தெரியாது.

2009-இல் அமுச்சிக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. ஏழு வருடம் கட்டிலில். மாமனும் அத்தையும் பார்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள், இவர் விடவில்லை. எண்பது வயதில் தலை பின்னக் கற்றுக்கொண்டார். முதலில் கயிறு திரிப்பது போலத்தான் பின்னினார், அமுச்சி ஒரு பக்க வாயால் சிரிப்பார். ராகிக் கூழைக் கரைத்து, ஆற்றி, ஸ்பூனில் ஊட்டுவார். ஒரு வாய்க்கு ஒரு நாயம்: மாடு கன்னு போட்டது, இன்னார் வீட்டுச் சீர், வெங்காய விலை. அமுச்சி "ம்" சொன்னால்தான் அடுத்த ஸ்பூன்.

நோட்டில் அந்த ஏழு வருடமும் "போகல" என்று மட்டும் இருக்கிறது. காரணம் எழுதவில்லை.

தீர்த்தம் எடுத்துப் போகிற வேலை மாமன் மகனுக்கு வந்தது. முதல் வருடம் அவன் கொடுமுடியிலிருந்து வருகிற வழியில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இறங்கினான். அப்புச்சி ஒரு சொம்பைக் கொண்டுவந்து, கலசத்திலிருந்து பாதித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். கூட வந்த ஒறம்பரைகளுக்கு, சொந்தக்காரர்களுக்கு, பதறிவிட்டது. மலைக்கு என்று எடுத்ததில் நடுவழியில் பங்கு வைக்கலாமா, குத்தமாகிவிடாதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"மலைல இருக்கறவனுக்கு நாடே தண்ணி கொண்டு போகுது. இவளுக்கு நானொருத்தந்தான்."

அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து அமுச்சிக்கு நெற்றி, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் துடைத்தார். மிச்சத்தைப் பானையில் ஊற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் இரண்டு கலசமாகவே வந்தது.

2016-இல் அமுச்சி போன பிறகு இரண்டு தரம் காரில் பழனி போய்வந்தார். அடிவாரத்திலேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "செரி, போலாம்" என்றாராம். கடைசி ஆறு மாதம் படுக்கை. பெரிய அவஸ்தை ஒன்றும் இல்லை. அம்மாதான் கூட இருந்தார்.

இந்தப் பங்குனிக்கு எல்லோரும் சேர்ந்து நடப்பது என்று முடிவாகி, நானும் லீவு போட்டுவிட்டுத் திருப்பூரிலிருந்து போனேன். கலசம் என் தோளில்தான் வந்தது. இரண்டாம் நாள் அமராவதிப் பாலம் தாண்டும்போது குதிகால் வெடித்துவிட்டது. கலசத்தைத் தம்பியிடம் மாற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நோட்டை இப்போது மாமன் எழுதுகிறார். என் பேருக்கு நேரே "தாராபுரம் வரைக்கும்" என்று போட்டிருக்கிறார்.