காது மிஷினா, காதுச் சோதனையா: காசு எதற்கு முதலில்?

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சில வாரங்களாக ‘இலவசக் காதுச் சோதனை’ முகாம்கள் நடக்கின்றன. அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காதைப் பற்றியவை. மூக்கைப் பற்றியும் ஒன்று நுழைந்திருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கமே காலம் தள்ளியவர். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவசமாகக் காது சோதித்தார்கள். மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, இரண்டு காதுக்கும் சேர்த்து 7,600 வெள்ளி என்று பேசி, 2,000 வெள்ளி முன்பணமும் கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். இது போன சனிக்கிழமை நடந்தது. மிஷினைப் போட்டால் தட்டு வைக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதாம், பேச்சு புரியவில்லையாம். திருப்பிக் கொடுக்க முடியுமா ஐயா?

முடியும், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். இந்த வாசகிக்குக் கடிதம் வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வீடு தேடி வந்து விற்பது நேரடி விற்பனை. அதற்கென்றே மலேசியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 300 வெள்ளிக்கு மேற்பட்ட சரக்கு என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசமும் உண்டு. ஏன் எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ரத்து செய்வதை எழுத்தில் கொடுங்கள். ‘வாட்ஸ்அப்பில் சொல்லிட்டேன்’ என்று நின்றுவிடாமல், ஒரு தாளில் ஒப்பந்த எண், தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, அப்பாவின் கையெழுத்து. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மிஷினைப் பெட்டியோடு அப்படியே வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் நேரடி விற்பனை லைசென்ஸ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏ.ஜே.எல். என்று தொடங்கும். இல்லையென்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்ய அதுவே போதும்.

அவகாசம் தாண்டியவர்களுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் கொண்டு போகலாம். வக்கீல் வைக்கக் கூடாது என்பது நமக்கு நல்லதுதான், எதிர்த் தரப்புக்கும் அதே விதி. ஒன்றைக் கவனியுங்கள். டொக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் தரும் சிகிச்சைச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆகவே சோதனை சரியில்லை என்று வாதிடாதீர்கள். வாங்கிய பொருள் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று எழுதுங்கள்.

சட்டம் இருக்கட்டும். தட்டுச் சத்தம் மட்டும் ஏன் பெரிதாகக் கேட்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், அடுத்த கடையிலும் இதே கதைதான் நடக்கும்.

உள்காதில் சுருளாக இருக்கும் ஓர் உறுப்பில் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறந்தபோது வந்தவைதான், செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆலை இரைச்சல் முதலில் கெடுப்பது கீச்சுக் குரல் பக்கத்துச் செல்களை, அதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை. பேச்சில் உயிரெழுத்தின் ஓசை கனமாகக் கீழே இருக்கும். ச, த, ப போன்ற மெய்யின் சத்தம் மெலிதாக மேலே இருக்கும். அதனால்தான் அப்பாவுக்கு ‘யாரோ பேசுறாங்க’ என்று தெரிகிறது, ‘பத்து’ என்றார்களா ‘சத்து’ என்றார்களா என்று தெரிவதில்லை. கெட்ட காதுக்கு இன்னொரு குணமும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் திடீரென்று காதைப் பிளக்கும். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிவிட்டால் தட்டும் கரண்டியும்தான் முன்னால் வரும். விட்டுப்போன அலைவரிசையை மட்டும், விட்டுப்போன அளவுக்குத் தூக்க வேண்டும். அதற்கு ஒழுங்கான ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாள், வேண்டும்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கினீர்களா? கட்டம் போட்ட தாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஹெட்போன் மாட்டி எடுத்தது ஒரு வகை. காதின் பின்னெலும்பில் சின்ன அதிர்வான் வைத்து எடுப்பது இன்னொன்று. கோளாறு வெளியிலா, நடுக்காதிலா, நரம்புப் பக்கமா என்று இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும். இதைச் சத்தம் புகாத அறையில் எடுக்க வேண்டும். ஃபேன் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் பூசை மணி அடிக்கும் மண்டபத்தில் எடுத்த கணக்கு எனக்குச் செல்லாது. சில நேரம் காதுக் குறும்பி அடைத்திருப்பதே முழுக் காரணமாக இருக்கும். அதை எடுத்தால் 7,600 வெள்ளி மிச்சம்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்கான ‘கிளினிக் கெசிஹாத்தான்’, செலவு ஒரு வெள்ளிக்கு மேல் போகாது. அங்கிருந்து கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவு. தேதி தள்ளித்தான் கொடுப்பார்கள், பரவாயில்லை. சோதனையின்போது கூட ஒருவர் போங்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வதற்கு மொழி தேவையில்லைதான், ஆனால் அதை மலாயில் வேகமாகச் சொன்னால் தோட்டத்துப் பெரியவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். முடிவு தப்பாக வரும்.

தனியாரிடம் போவதென்றால், பொருத்துபவர் ஆடியோலஜிஸ்டா, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கப் படித்த நிபுணரா, என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின் கீழ் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். மிஷினுக்கும் மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அப்புறம் பணத்துக்கு முன் கேட்க வேண்டியது: வீட்டில் போட்டுப் பார்க்க எத்தனை நாள் தருவீர்கள், எத்தனை முறை இலவசமாக மறு அமைப்பு செய்வீர்கள், கெட்டுப்போனால் இங்கேயே பார்ப்பீர்களா, கோலாலம்பூருக்கு அனுப்புவீர்களா. பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு காதுக்கு ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரம் வரை விலை ஓடுகிறது. விலை ஏற ஏற வசதி ஏறும். மறு அமைப்புக்கு வருடத்தில் நாலு தடவை முகம் சுளிக்காமல் உட்காரவைக்கிற ஆள் அந்த விலையோடு வரமாட்டார். நான் என்றால் நடுத்தர மிஷினையும் நல்ல ஆளையும் எடுப்பேன்.

கேள்வி: ஆன்லைனில் ‘காது மிஷின்’ 89 வெள்ளி. இதற்கும் ஆயிரக்கணக்கில் விற்பதற்கும் என்ன வித்தியாசம்?

89 வெள்ளிக்கு வருவது பெரும்பாலும் ஒலிபெருக்கி. எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும், மேலே சொன்ன தட்டுக் கதைதான். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட காதில் உரத்த சத்தத்தை மணிக்கணக்கில் விட்டால் மிச்சமிருப்பதும் போகலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பெயரான ‘எஃப்.டி.ஏ.’ என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று ஒரு பிரிவு வந்தது உண்மை. அதற்கு அங்கே ஒலி அளவுக்கு உச்சவரம்பு உண்டு. அது அந்த ஊர் விதி. இங்கே கேட்க வேண்டியது நம் ஆணையத்தின் பதிவு எண்.

கேள்வி: காது மிஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும், போட்டால் வராது என்று முகாமில் சொன்னார்கள். அம்மா பயந்துவிட்டார். ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களாமே?

பாதி உண்மையைக் காட்டி முழு விலை கேட்கிறார்கள். லேன்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் காது கேளாமையை 2017லிருந்தே சொல்லி வருகிறது. 2024 அறிக்கையில் அப்படிப்பட்ட 14 காரணங்கள் இருக்கின்றன, காது அதில் முக்கியமானது. இதுவரை சரி. ஆனால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது ஒன்று, மிஷின் போட்டால் நோய் நிற்கும் என்பது வேறொன்று.

அதைச் சோதிக்கவே அமெரிக்காவில் அச்சீவ் என்ற ஆய்வு நடந்தது. 70 முதல் 84 வயது வரை 977 பேர், மூன்று ஆண்டு. ஒரு பாதிக்கு மிஷினும் ஆடியோலஜிஸ்ட்டின் தொடர் கவனிப்பும், மறு பாதிக்கு உடல்நல வகுப்பு. 2023இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு சிறிய கூட்டம், வயது கூடியவர்கள், இருதய நோய்க்கான ஆபத்துகள் அதிகம் உள்ளவர்கள், அவர்களிடம் மட்டும் சரிவு 48 விழுக்காடு மெதுவானது. முகாம்காரர் அந்த 48ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார். யாருக்கு என்பதையும், கூடவே கொடுத்த கவனிப்பையும் விட்டுவிட்டார்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேரப்பிள்ளை பேசுவது கேட்க வேண்டும், கோயிலில் நாலு பேரோடு பேச வேண்டும், அதற்காகப் போடலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். பயத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: செம்பனை ஆலை எஞ்சின் ரூமில் இன்னமும் வேலை செய்கிறேன். காதில் எப்போதும் ‘ங்ங்’ என்று இரைச்சல். மிஷின் செலவை யாராவது ஏற்பார்களா?

கேட்க வேண்டிய முதல் இடம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. வேலை இரைச்சலால் வரும் காது கேளாமை தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நிரூபித்தால் இழப்பீடும், மறுவாழ்வு வசதியின் கீழ்க் கருவியும் கேட்கலாம். வேலையை விட்டு ஆண்டுகள் ஓடிய பிறகு போனால் சிக்கலாகும், ஆகவே வேலையில் இருக்கும்போதே பதிவாகட்டும்.

ஆதாரம் உங்கள் ஆலையிலேயே இருக்க வேண்டும். 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள இரைச்சல் விதியின்படி ஒரு நாள் வேலையில் சராசரி 85 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. பழைய விதியில் அது 90. அதைத் தாண்டுகிற இடங்களில் முதலாளி காது மூடி தர வேண்டும், ஆண்டுதோறும் காதுச் சோதனை செய்ய வேண்டும், முடிவை உங்களிடம் சொல்ல வேண்டும். சோதனை லாரியில் வரிசையாக ஆள் ஏற்றிச் சோதிப்பார்களே, அதேதான். பழைய தாள்களின் நகலைக் கேளுங்கள். 3 டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும்: 85இல் 8 மணி நேரம் என்றால் 88இல் 4 மணி நேரம். முதுகில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்கு, தோட்டமும் இந்த விதிக்குள்தான் வருகிறது.

இரைச்சலை நிறுத்தும் என்று விற்கும் ஜிங்கோ மாத்திரைக்குச் செலவு செய்யாதீர்கள், பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சமூகநல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தவர்களுக்கு, கருவி வாங்கிய செலவில் 6,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஓகேயு பெற்றோருக்காகப் பிள்ளை வாங்கினாலும் பொருந்தும். அரசாங்க ஓய்வூதியம் வாங்குபவர்கள் பொதுச் சேவைத் துறையிடம் கேட்கலாம்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காது மெழுகுவர்த்தி வைத்து அழுக்கு எடுக்கிறார்கள். நல்லதா?

இல்லை. வர்த்தியைப் பிரித்துக் காட்டும் மஞ்சள் தூள் அந்த வர்த்தியின் மெழுகேதான், காதில் வைக்காமல் கொளுத்தினாலும் வரும். சூடுபட்டவர்களும் செவிப்பறை ஓட்டையானவர்களும் உண்டு. பஞ்சுக் குச்சியும் வேண்டாம், குறும்பியை உள்ளே தள்ளும். சீழோ ஓட்டையோ இல்லாத காதென்றால் சில நாள் ஆலிவ் எண்ணெய் சொட்டு, அப்புறம் கிளினிக்.

இங்கேயே ஒன்று. ஒரு காது ஒரே இரவில் அடைத்துப்போனால் குறும்பி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். நரம்பால் வந்ததாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும். அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்கு ஃபார்மசியில் வாங்கிய ஸ்பிரே முதலில் நன்றாக வேலை செய்தது. இப்போது மூன்று மணிக்கொரு தரம் அடிக்க வேண்டியிருக்கிறது. வேறு பிராண்டு வாங்கலாமா?

பெட்டியில் ஆக்சிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிராண்டு மாற்றிப் பயனில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அடித்தால் அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும். நிறுத்துங்கள், சில நாள் கஷ்டமாக இருக்கும், உப்புநீர் ஸ்பிரே துணைக்கு. நாள்பட்ட அலர்ஜிக்கு வேறு வகை ஸ்டீராய்டு ஸ்பிரே இருக்கிறது, அதை டொக்டர் எழுதித் தரட்டும். அடைப்பு ஒரே பக்கம் என்றாலோ, அதோடு ஒரு காதும் அடைத்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போயே ஆக வேண்டும்.

கேள்வி: பாட்டியின் காது மிஷின் பேட்டரி இரண்டே நாளில் தீர்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

அவசரப்படாதீர்கள். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 என்றால் ஏறக்குறைய மூன்றிலிருந்து பத்து நாள் வரும், ஆரஞ்சு 13 என்றால் இன்னும் கூட. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டுத்தான் அது வேலை செய்யத் தொடங்கும், அதனால் இரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். மறுபடி ஒட்டினால் தூங்காது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரம் பொல்லாதது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு மிஷினைத் தொட்டால் மைக் துளை அடைத்துக்கொள்ளும், பாட்டி சத்தத்தை முழுக்க ஏற்றுவார், பேட்டரியும் போகும். முதலில் துளையைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் இரண்டு நாள்தான் என்றால் பேட்டரி அட்டையின் காலாவதித் தேதியைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.