"சும்மா" மிதக்கும் பருந்து

வணக்கம் அண்ணா,

போன கட்டுரையில் கொழும்பின் கடலோரக் காலிமுகத்திடலுக்கு மேலே செம்பருந்து ஒன்று "சிறகை விரித்தபடி சும்மா மிதந்தது" என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிறு பின்னேரம் நானும் தங்கச்சியும் இஸ்ஸோ வடையும் கையுமாக அரை மணித்தியாலம் அங்கே ஒரு பருந்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது சும்மா இருக்கவில்லை. செட்டை அடிக்கவில்லைதான். ஆனால் காற்று உரத்து வீசும்போதெல்லாம் செட்டையைக் கொஞ்சம் மடித்தது, பிறகு நீட்டியது. காற்று கூடினால் இன்னும் அகல விரித்தல்லவா சமாளிக்க வேண்டும்? ஏன் மடிக்கிறது?

— உயர்தர மாணவன், வெள்ளவத்தை

தம்பி,

"சும்மா"வை வாபஸ் வாங்குகிறேன். வசனத்தின் ஓசைக்காகப் போட்ட சொல் அது. பார்த்து எழுதியதல்ல.

செட்டை அடிக்காத பறவை, தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கடற்காற்று வீதியோரக் கட்டடங்களில் மோதி மேலே ஏறுகிறது. அது ஏறும் வேகமும் பருந்து இறங்கும் வேகமும் சரிக்குச் சரியானால், நமக்கு அது நிற்பதுபோலத் தெரியும். மேலே போகும் எஸ்கலேட்டரில் கீழ்நோக்கி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மடிப்பு. காற்று கூடும்போது அதே இடத்தில் நிற்க, பருந்து காற்றை எதிர்த்து அவ்வளவு வேகமாகப் பறந்தாக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், அதே செட்டை தரக்கூடிய தூக்கு விசை நான்கு மடங்கு. உடல் நிறையோ கூடவில்லை. அப்போது முழுச் செட்டையும் வீண் பாரம், காற்று உரசிப் பின்னுக்கு இழுக்கும் பரப்பு. 1968இல் பென்னிகுயிக் என்ற விலங்கியலாளர், சாய்த்து வைத்த காற்றுச் சுரங்கத்தில், அதாவது வேண்டிய வேகத்தில் காற்றை ஓடவிடும் குழாயில், ஒரு புறாவை மிதக்க விட்டுப் பார்த்தார். காற்றின் வேகம் கூடக் கூட அது செட்டையை ஒடுக்கிக்கொண்டே போனது. மெதுவாக மிதக்க அகலம், விரைவாக மிதக்க ஒடுக்கம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2019இல் கடற்காகங்களை வைத்துச் செய்த ஆய்வு. காற்றும், திடீர் திடீரென்று வந்து மோதும் குத்தலும் கூடும்போது அவை முழங்கையை மடிப்பதைக் கண்டார்கள். பிறகு இறந்த பறவைகளின் செட்டைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். நீட்டிய செட்டைதான் நிதானமானது, குத்தல் தலையைத் தூக்கிவிட்டாலும் தானாகவே பழைய நிலைக்கு வரும். மடித்த செட்டையில் அந்த நிதானம் குறைவு. அதாவது காற்று மோசமாகும்போது பறவை நிதானம் குறைந்த வடிவத்துக்குப் போகிறது! முதலில் நான் இதை மாறி வாசித்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

பட்டம் விட்டவருக்கு இது விளங்கும். நீள வால் கட்டிய பட்டம் ஆடாமல் நிற்கும், ஆனால் சொல்வழி கேளாது. வாலைக் குறைத்தால் துள்ளும், சுண்டினால் உடனே திரும்பும். குத்தல் காற்றில் பறவைக்கும் அந்தத் துள்ளல்தான் தேவைப்படுகிறது என்பது என் வாசிப்பு. கடற்காகத்தில் கண்டதைப் பருந்துக்கு அப்படியே ஒட்டக்கூடாது என்று நீங்கள் மறிக்கலாம். நியாயம்தான். ஆனால் நீங்கள் பார்த்த மடிப்பு இதோடு பொருந்துகிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். முழுக் கோழிச் செட்டை ஒன்றை எடுத்து, முழங்கையை மட்டும் நீட்டுங்கள். மணிக்கட்டும் கூடவே விரியும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்து அந்த அசைவைக் கடத்துகின்றன. மடக்கினால் இரண்டும் சேர்ந்தே மடங்கும். முன்பக்கம் தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தோல் இழுபடுவதையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பருந்து காற்றில் செய்வது இதைத்தான், நொடிக்கு நொடி. அம்மா கறிக்கு வெட்டுமுன் கேட்டு வாங்கிவிடுங்கள், மூட்டு வெட்டுப்பட்டால் பிறகு ஒன்றும் தெரியாது.