திறக்காத படமெல்லாம் கெட்டுப்போன படம் அல்ல

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் கேலரியைத் திறந்தால் படங்கள் சின்னச் சின்னதாக வரிசையாகத் தெரிகின்றன. சிலவற்றைத் தொட்டால் மட்டும் கறுப்புத் திரையும் ஆச்சரியக்குறியும்தான் வருகின்றன. சில படங்களில் மேல்பாதி நன்றாக இருக்கிறது, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. அக்கா ஐபோனில் எடுத்து அனுப்பிய வீடியோவில் சத்தம் கேட்கிறது, படம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகளின் முதல் மேடை நடனத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அந்த வீடியோ திறக்கவே மாட்டேன் என்கிறது. மெமரி கார்டை ஃபார்மட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஃபார்மட் செய்தால் கார்டு சரியாகலாம், படங்கள் சரியாகாது. இப்போது மீட்க வாய்ப்புள்ளவையும் கைவிட்டுப் போய்விடும். இன்னொன்றையும் இன்றே செய்யுங்கள்: அந்தக் கார்டில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், இறக்காதீர்கள். கேமரா அமைப்பில் சேமிக்கும் இடத்தைப் போனின் உள் சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள். கார்டில் அழிந்ததாகத் தெரியும் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கும்.

நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று வெவ்வேறு கோளாறுகள். முழுக் கோப்பு உங்கள் போனில் இல்லாமலே இருக்கலாம். கோப்பு நன்றாக இருந்தும் போனுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கோப்பே உண்மையில் சேதமாகியும் இருக்கலாம். மூன்றுக்கும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே செய்திதான். அதனால்தான் பலரும் முதல் இரண்டையும் மூன்றாவதாக நினைத்துக்கொண்டு, நல்ல கோப்பை ‘ரிப்பேர்’ செய்யப் போய்க் கெடுத்துவிடுகிறார்கள்.

எது என்று கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்பை அழுத்திப் பிடித்து, ‘விவரங்கள்’ பகுதியில் அதன் அளவைப் பாருங்கள். அதே கேமராவில் எடுத்த மற்றப் படங்கள் 3, 4 எம்பி இருக்கும்போது இது மட்டும் 40 கேபி என்றால், உங்களிடம் இருப்பது முன்னோட்டப் படம் மட்டுமே. 0 என்று காட்டினால் கோப்புக்குப் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அதை எந்த ரிப்பேர் செயலியில் போட்டாலும் பயனில்லை, தேட வேண்டிய இடம் வேறு. அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் படிக்கத் தெரியாத சிக்கலா, சேதமா என்று பார்க்க வேண்டும். அதே கோப்பை வேறொரு போனிலோ கணினியிலோ திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோப்பு நலமாக இருக்கிறது.

வரிசையில் தெரிகிற படம் தொட்டால் ஏன் வரவில்லை என்று குழம்பியிருப்பீர்கள். வரிசையில் தெரிவது அசல் படமே அல்ல. கேலரி செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டிப் பிரதியை முன்பே தயாரித்துத் தனியாக வைத்துக்கொள்கிறது. அசல் போன பிறகும் அந்தக் குட்டிப் பிரதி சில காலம் தங்கும். ஆகவே குட்டிப் படம் தெரிவதை வைத்து அசல் இருக்கிறது என்று நம்பவும் கூடாது, அசல் திறக்காததை வைத்துக் கேலரிதான் குற்றவாளி என்று முடிவு கட்டவும் கூடாது. அமைப்புகளில் கேலரி செயலியின் ‘கேஷ்’ எனப்படும் தற்காலிகச் சேமிப்பை நீக்கி, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பட்டியல் புதிதாகத் தயாராகும். ‘டேட்டா’வை நீக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஆல்பங்களும் அமைப்புகளும் போய்விடும்.

கூகுள் போட்டோஸ் அல்லது ஐகிளவுட் பயன்படுத்துகிறீர்களா? இடத்தை மிச்சப்படுத்தும் வசதியை எப்போதோ தெரியாமல் இயக்கியிருந்தால், அசல் படங்கள் மேகச் சேமிப்பில், அதாவது இணையத்தில் உள்ள உங்கள் கணக்கில், இருக்கும், போனில் சிறிய பிரதி மட்டும் இருக்கும். நல்ல இணைய இணைப்பில் கணினியிலிருந்து அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். படம் அங்கே முழுதாக இருந்தால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது. அப்படியே குப்பைத் தொட்டியையும் பார்த்துவிடுங்கள். கூகுள் போட்டோஸில் காப்பெடுக்கப்பட்ட படங்கள் அழித்த பிறகு 60 நாள் வரை குப்பையில் இருக்கும். ஐபோனின் ‘சமீபத்தில் நீக்கியவை’ ஆல்பத்தில் 30 நாள் வரை இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கலாகத் தெரிந்து திறக்கவில்லை என்றால், அது இறங்கவே இல்லை என்று அர்த்தம், அல்லது போனில் இருந்த கோப்பை யாரோ அழித்திருக்கிறார்கள். அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்வதுதான் நேரான வழி. அப்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாமல் வரும்.

சரி, அக்காவின் வீடியோவுக்கு வருவோம். சத்தம் வந்து படம் வராமல் இருப்பது பெரும்பாலும் சேதம் அல்ல. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவிலும் வீடியோக்களை ஹெச்இவிசி என்ற முறையிலும் சேமிக்கின்றன. ஒரே தரத்துக்கு ஏறக்குறையப் பாதி இடம் போதும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆண்ட்ராய்டு, ஹெச்இஐசி படங்களை 9-ஆம் பதிப்பிலிருந்துதான் தானாகவே புரிந்துகொள்கிறது. அதற்கு முந்தைய போனில் இந்தப் படங்கள் வெற்றுச் சதுரமாக நிற்கும். வீடியோவில் ஒலியும் காட்சியும் தனித்தனி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். போனுக்கு ஒலியை விரிக்கத் தெரிந்து காட்சியை விரிக்கத் தெரியவில்லை என்றால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். படம் ஓடிச் சத்தம் வராமல் போவதும் இதே கதைதான், தலைகீழாக.

விஎல்சி பிளேயரை நிறுவி அதில் திறந்து பாருங்கள். இலவசம். காட்சியை விரிக்கும் நிரல்களைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது, போனை நம்பியிருப்பதில்லை. ஓடுகிறது ஆனால் திக்கித் திணறுகிறது என்றால் உங்கள் போனின் வேகம் போதவில்லை. கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஹெச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய போன்களும் இதைச் சிரமமின்றி ஓட்டும். இனிமேல் வரப்போவதற்கு, அக்காவின் ஐபோனில் அமைப்புகள், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும், 4கே காட்சியை நொடிக்கு 60 சட்டகத்தில் (ஃபிரேம்) எடுக்கும் வசதியும் போகும். அவருக்கு அது முக்கியம் என்றால் அமைப்பை மாற்ற வேண்டாம், அனுப்பும்போது மாற்றி அனுப்பினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஹெச்இஐசி’யை அழித்துவிட்டு ‘ஜேபிஜி’ என்று தட்டினால் வடிவம் மாறாது. பெயர்ப்பலகைதான் மாறும், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். உண்மையான மாற்றத்துக்கு, படத்தைத் திறக்கத் தெரிந்த ஒரு செயலி அதைத் திறந்து வேறு வடிவில் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

கீழ்ப்பாதி சாம்பலான படங்கள் நிஜமாகவே சேதமானவை. ஜேபெக் (ஜேபிஜி) படம் பொதுவாக மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது. நகல் எடுக்கும்போது கார்டை உருவியிருக்கலாம், புளூடூத் பாதியில் அறுந்திருக்கலாம், கார்டிலேயே ஒரு பகுதி படிக்க முடியாமல் போயிருக்கலாம். எதுவரை நல்ல தரவு இருந்ததோ அதுவரை படம் தெரியும், மீதி சாம்பல். அந்த மீதியை எந்தச் செயலியாலும் வரவழைக்க முடியாது, ஏனென்றால் அந்தத் தரவு கோப்பில் இல்லை. ‘செயற்கை நுண்ணறிவால் முழுப் படத்தையும் மீட்கிறோம்’ என்று வருபவை கற்பனையால் நிரப்பித் தருகின்றன. உங்கள் அம்மாவின் முகத்தை ஒரு நிரல் ஊகித்து வரைந்து தருவதை நான் மீட்பு என்று சொல்லமாட்டேன். அதைவிட, அந்தப் படத்தை முன்பு யாருக்கு அனுப்பினீர்கள் என்று யோசியுங்கள். அவர்கள் போனில் முழுதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இனி நடன வீடியோ. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது.

போன் வீடியோ எடுக்கும்போது காட்சியையும் ஒலியையும் தொடர்ந்து கோப்பில் கொட்டிக்கொண்டே போகிறது. எந்தச் சட்டகம் எங்கே தொடங்குகிறது, எத்தனை நொடி, என்ன முறையில் சுருக்கப்பட்டது என்ற குறிப்பையெல்லாம் பெரும்பாலான போன்கள் நீங்கள் நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகுதான் எழுதுகின்றன. எம்பி4 கோப்பில் அந்தப் பகுதிக்கு ‘மூவ்’ என்று பெயர். ஒரு தடித்த புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோது பக்கங்கள் அச்சாகிவிட்டன, பொருளடக்கம் அச்சாகவில்லை. பிளேயர் முதலில் தேடுவது அதைத்தான். காணவில்லை என்றதும் கையை விரித்துவிடுகிறது. காட்சியோ உள்ளேயே இருக்கிறது.

அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான எம்பி காட்டினால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். முதலில் கணினியில் அதற்கு ஒரு நகல் எடுங்கள், எல்லா வேலையும் நகலில் மட்டும். அப்புறம் அதே போனில், அதே கேமராவில், அதே தர அமைப்பில் ஒரு நிமிட வீடியோ ஒன்றைப் புதிதாக எடுங்கள். அன்றைக்கு 1080-ல் எடுத்திருந்தால் இதையும் 1080-லேயே எடுக்க வேண்டும். போனைக் கிடையாகப் பிடித்திருந்தால் இப்போதும் அப்படியே பிடியுங்கள். ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசத் திறமூல மென்பொருள், இந்த நல்ல வீடியோவை மாதிரியாக வைத்துக்கொண்டு கெட்ட வீடியோவுக்கு விடுபட்ட குறிப்புகளைப் புதிதாகக் கட்டமைக்கிறது. கட்டணம் வாங்கும் பல மென்பொருள்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. மாதிரி வீடியோ எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறதோ அவ்வளவு நல்ல பலன். கடைசிச் சில நொடிகள் போகலாம், ஒலி சற்றே முன்பின்னாக வரலாம். குழந்தையின் நடனம் திரும்பக் கிடைக்கிறது என்றால் அது பெரிய விஷயமில்லை.

அந்த வீடியோவைக் காணவே இல்லை என்றால், ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கி கேமரா ஃபோல்டரைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், எழுதி முடியாத கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ‘பெண்டிங்’ என்ற சொல்லும் நீளமான எண்ணும் சேர்ந்திருப்பது உண்டு. முன்னால் புள்ளி இருப்பதால்தான் கேலரியில் தெரியாது. அதைத் தள்ளிப்போடாமல் கணினிக்கு நகலெடுங்கள், ஏனென்றால் ஒரு வாரம் போல் கழிந்ததும் ஆண்ட்ராய்டு அதைத் தானே துடைத்துவிடும்.

அளவு 0 என்று காட்டினாலும் உடனே கைவிட வேண்டாம். கார்டில் தரவு எழுதப்பட்டு, எவ்வளவு எழுதினோம் என்ற கணக்கு மட்டும் பதியாமல் போயிருக்கலாம். போனை அணைத்துக் கார்டை எடுத்து, கார்டு ரீடர் மூலம் கணினியில் இணையுங்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கோப்புப் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிக் கார்டு முழுவதையும் அலசும். கார்டில் எதையும் எழுதாது. கிடைப்பதைக் கணினியில் சேமிக்கச் சொல்லுங்கள், அதே கார்டில் ஒருபோதும் வேண்டாம். பழைய கோப்புப் பெயர்கள் திரும்பி வரா. படங்கள் நன்றாக வரும். நீளமான வீடியோக்கள் கார்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் முழுதாக வராமல் போகலாம். கணினி ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். பிழை திருத்தும் கருவியை ஓட்டவா என்று கேட்டாலும், நகலெடுத்து முடியும் வரை வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கார்டைப் போனில் ‘உள் சேமிப்பாக’ அமைத்திருந்தால், அதில் உள்ள எல்லாம் பூட்டப்பட்டிருக்கும், சாவி அந்தப் போனில் மட்டுமே இருக்கும். கணினியில் செருகினால் காலிக் கார்டு போலத்தான் தெரியும். கார்டைத் திரும்பப் போனிலேயே போட்டு அங்கிருந்து நகலெடுங்கள். அதுவரை போனை ஃபேக்டரி ரீசெட் செய்யவே கூடாது.

போனின் உள் சேமிப்பிலிருந்து அழிந்தவற்றை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகள் வேறு கதை. இன்றைய போன்களில் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாவியால் பூட்டப்படுகிறது. கோப்பு அழியும்போது சாவியும் போய்விடும். இந்தச் செயலிகள் பெரும்பாலும் தோண்டி எடுப்பது நான் மேலே சொன்ன குட்டிப் பிரதிகளைத்தான். பதிலுக்கு உங்கள் படங்கள், தொடர்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கின்றன. முன்பின் தெரியாத இணையதளத்தில் குடும்ப வீடியோவை ஏற்றி ரிப்பேர் செய்வதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கார்டு கணினியில் தெரியவே இல்லை, அல்லது செருகினால் சூடாகிறது என்றால் அதற்குமேல் நீங்களாக முயலாதீர்கள். தரவு மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்தில் கொடுங்கள். அங்கே முதலில் கேட்க வேண்டியது, கோப்பு மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்பதும் எந்தெந்தக் கோப்புகள் மீளும் என்ற பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா என்பதும்தான். எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு இந்தக் கார்டை ஃபார்மட் செய்து மறுபடி போனில் போடலாமா என்று தோன்றும். சாம்பல் படங்கள் வர ஆரம்பித்த கார்டு அது. படம் எடுக்க அதைத் திரும்பவும் நம்பாதீர்கள், வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.