முத்தோரைச் சரிவில் ஒரு கேள்வி

வணக்கம் ஐயா,

கூடலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க அழைத்துப் போனேன். செல்போனை அணைக்கச் சொன்னார்கள். மலைச்சரிவு முழுக்கக் கம்பிகள். பிள்ளைகளின் கண்ணில் பட்டது அவ்வளவுதான். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இதுல யாரு கண்ணை வெச்சுப் பாப்பாங்க?" ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அங்கே இருப்பவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? ஐம்பது வருடத்துக்கு முந்தைய கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்டது அருமையான கேள்வி. அங்கே யாரும் கண்ணை வைப்பதில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பதும் இல்லை. வானத்தின் ஓரிடத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் வலிமை எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவு செய்கிறார்கள். கையில் கிடைப்பது படம் அல்ல, ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்காகத்தான் அவ்வளவு கம்பியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏறத்தாழ 4 ஏக்கர். மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் 1,100, பரவளைய வடிவான 24 சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவை குவிக்கும் அலையை டைபோல் எனப்படும் 1,056 இரட்டைக் கை ஆன்டெனாக்கள் வாங்கிக்கொள்கின்றன.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லவேண்டியது இதைவிட அந்தச் சரிவைப் பற்றித்தான். ஊட்டியின் அட்சரேகை 11 பாகையைச் சற்றே தாண்டியது. இதை அமைத்த வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தேடிக் கண்டுபிடித்தது, வடக்கு நோக்கி அதே 11 பாகை ஏறும் ஒரு மலைச்சரிவை. அதன்மேல் கிடத்தியதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. இரவில் அங்கே நின்று சரிவின் வழியே பார்வையை மேலே ஓட்டினால் துருவ நட்சத்திரத்தில் போய் நிற்கும். பூமி சுழலும் வேகத்தில் எதிர்ப்பக்கம் அதைச் சுழற்றினால் போதும், வானில் ரேடியோ அலை வரும் ஒரே இடத்தை, அதாவது ஒரே மூலத்தை, ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். 1970-இல் கட்டி முடித்தார்கள். மலையையே கருவியின் பாகமாக்கிய அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவரோடு ஒரு டிசம்பர் இரவில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். கோட்டில் திடீரென்று ஒரு முள் எழுந்தது. நான் துள்ளினேன். அவர் அசையவில்லை. "இது நம்ம ஊர்ச் சத்தம்" என்றார். வானத்துச் சத்தம் என்றால் நாளைக்கு 4 நிமிடம் முன்னதாக வரவேண்டும். நட்சத்திரங்களின் நாள் 23 மணி 56 நிமிடம். 1930-களில் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி தன் ஆன்டெனாவில் கேட்ட இரைச்சல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று கண்டுகொண்டதும் இந்த 4 நிமிடத்தை வைத்துத்தான். இன்று ராத்திரி பத்து மணிக்குப் பார்க்கும் மூலத்தை ஆறு மாதம் கழித்துக் காலை பத்து மணிக்குப் பார்க்க வேண்டும். ரேடியோ அலைக்குப் பகலும் மேகமும் தடையில்லை என்பதால் அவர்களுக்குப் பகலும் வேலை நேரம்தான்.

அந்தத் தொலைநோக்கி எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? நிலவுக்காக. நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது கோடு சரியும். மூலம் வெறும் புள்ளி என்றால் சட்டென்று சரியும். அகன்றது என்றால் நிதானமாகச் சரியும். சரியும் விதத்திலிருந்து மூலத்தின் அகலத்தைக் கணக்கிடலாம். தொலைநோக்கியால் தானாகப் பிரித்தறிய முடியாத நுணுக்கத்தை நிலவின் விளிம்பு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் நிலவு யாருக்காகவும் காத்திருக்காது. குறித்த நிமிடத்தில் கருவி தயாராக இல்லையென்றால் அந்த மறைப்பு போனது போனதுதான். இப்படிக் காத்திருந்து காத்திருந்து நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தார்கள். மங்கலான மூலங்கள், அதாவது பொதுவாகத் தொலைவில் இருப்பவை, சராசரியாகச் சிறியவையாகத் தெரிந்தன. தொலைவிலிருந்து அலை வந்து சேர வெகுகாலம் ஆகும் என்பதால் அவை பழங்காலத்தவை; அவை இன்றுள்ளவை போல இல்லை என்று 1975-இல் ஸ்வரூப்பும் சக வானியலாளர் விஜய் கபாஹியும் காட்டினார்கள். அண்டம் என்றும் ஒரே மாதிரி இருந்தது என்ற மாறாநிலைக் கொள்கைக்கு எதிராகவும் பெருவெடிப்புக்கு ஆதரவாகவும் முத்தோரையிலிருந்து போன சாட்சி அது.

பழைய கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். காற்றில் நட்சத்திரம் மினுங்குவதுபோல, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின், அதாவது சூரியக் காற்றின், ஊடாக வரும் ரேடியோ மூலங்களும் மினுங்கும். அந்த மினுக்கத்தை அளந்தால் சூரியக் காற்றின் வேகம் தெரியும். சூரியன் உமிழ்ந்த புயல் ஒன்று பூமிக்கு வந்து சேரும் முன், பாதி வழியிலேயே அதன் தடத்தைப் பிடிக்கலாம். ஒருநாள் பார்த்து முடித்துவிடும் காரியம் அல்ல இது. வருடக்கணக்கில் பல மூலங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

செல்போனை ஏன் அணைக்கச் சொன்னார்கள் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். நிலவில் ஒரு செல்போனை வைத்து இயக்கினால், அதன் அலைவரிசையில் அது வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாகத் தெரியும். அதுவே சட்டைப்பையில் இருந்தால்?

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் டியூப் லைட் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். 'டக்' என்று கேட்கும். சுவிட்சைப் போடும் வேலையை அந்த மாணவியிடமே கொடுங்கள்.

அன்புடன்.